குளத்துக்குச் சோறு

சாப்பாட்டுக் கரியர் சுத்தமாகத் திரும்பி வந்திருந்தது.

நாலு அடுக்கும் ஒன்றன்மேல் ஒன்றாக, கொளுக்கி இறுக்கிப் பூட்டியபடி, குசினி மேசையில் ஒரு சின்னத் தண்ணீர் வட்டத்துக்கு நடுவில் அது நின்றது. இமெல்டா அடுக்கடுக்காகக் கழற்றி, ஜன்னல் வெளிச்சத்தில் சரித்துப் பார்த்தாள். காலையில் அம்மா இதற்குள் நண்டுக் குழம்பு ஊற்றியதைக் கண்ணால் கண்டிருந்தாள். தேங்காய்ப்பால் தடிப்பாக மேலே மிதக்க, தூளின் சிவப்பு எண்ணெய் ஓரமெல்லாம் பிடித்திருந்தது. சுடுதண்ணீரும் சவர்க்காரமும் போட்டு உரஞ்சினாலும் முதல் தரத்தில் போகாத எண்ணெய் அது. குளத்தின் ஐஸ் தண்ணீர் பட்டிருந்தால் மெழுகுபோல இறுகி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். ஒட்டவில்லை. விரலை வைத்து இழுத்தால் கீச்சென்றது. மூக்கருகே கொண்டுபோய் மணந்தாள். நண்டும் இல்லை, கறிவேப்பிலையும் இல்லை. ஊறிய இலையும் இரும்பும் கலந்த ஒரு மணம், அதற்கு அடியில் இன்னொன்று, நித்திரையால் எழும்பிய வாயின் மணம்.

நரி தின்றிருக்கும் என்று அப்பா சொல்வார். நரி நண்டைத் தின்னும். எண்ணெயைக் கழுவி வைக்காது. ஒரு கோதுகூட மிச்சம் விடாமல் போகாது.

ஜோனாஸ் அவளுடைய தம்பி. பள்ளிக்கூடத்தை அரைவாசியில் விட்டவன், பகலெல்லாம் படுத்துக் கிடந்தவன், ஆனால் ஒருதரம் சிரித்தானென்றால் வீட்டில் எல்லாருக்கும் எல்லாம் மறந்துபோகும். குளிர்காலம் தொடங்கி முதல் ஐஸ் பிடித்த கிழமை, அவர்கள் குடியிருக்கும் குரோருட்டுக்கு மேலே காட்டுக்குள் கிடக்கும் ஏரியைக் குறுக்காக நடந்து கடக்கப் பார்த்திருக்கிறான். கூடப் போன பெடியள் கரையில் நின்று சிரித்துக்கொண்டு பார்த்தார்களாம். பிறகு சிரிக்கவில்லை. சுழியோடிகள் வந்தார்கள், இறங்கினார்கள். அடியெல்லாம் பழைய மரக்குற்றியும் கருஞ்சேறும், நீட்டிய கை தங்களுக்கே தெரியவில்லை என்றார்கள். அதற்குள் ஏரி முழுக்க இறுகி, மேலே பனியும் கொட்டிவிட்டது. ஐஸ் உருகியதும் திரும்ப வருவோம், எடுத்துத் தருவோம் என்று நல்லவிதமாகத்தான் சொல்லிவிட்டுப் போனார்கள். அம்மாவின் காதில் அது எப்படி விழுந்தது என்பது யாருக்கும் தெரியவில்லை.

அந்த ஏரியைத் தமிழ்ச்சனம் குளம் என்றுதான் சொல்லும். குளத்துக்குச் சோறு கொண்டுபோகும் பழக்கத்தைத் தொடக்கி வைத்தது கீழ்மாடி உதயகுமாரி அன்ரி. அம்மா மரியமலர் வேதக்காரி, செபமாலை கையை விட்டு இறங்காதவள். அன்ரி சைவக்காரி. ஆறுதல் சொல்ல வந்த இடத்தில் வாய் சும்மா இராமல் தங்களுடைய எட்டுச் செலவைப் பற்றிச் சொல்லிவிட்டாள். செத்து எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததெல்லாம் சமைத்து வெளியில் கொண்டுபோய் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவார்கள், அவர் தின்று ஆறிப் போய்விடுவார். ஒருமுறைதான். அதோடு சரி.

ஆனால் எட்டாம் நாளை எண்ணுவதற்கு ஒரு பிரேதம் வேண்டும். பிரேதம் கிடைக்காதவனுக்கு எது எட்டாம் நாள்? அம்மா சாமியாரிடம் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்கவில்லை. தானே முடிவெடுத்தாள். எல்லா நாளும் எட்டாம் நாள்.

இமெல்டாவுக்கு முதலில் வந்தது பயமல்ல, கோபம். கட்டடப் பொறியியல் படித்து முடித்தவள் அவள். அந்தப் பரம்பரையிலேயே பல்கலைக்கழக வாசலை மிதித்த முதல் ஆள். பட்டம் வாங்கிய நாளில் அம்மா வரவில்லை, ஜோனாசுக்குத் தடிமன், மூக்கொழுகல். அறக்குளா மீனில் நடுத்துண்டு அவனுக்கு, வால் இவளுக்கு. உயிரோடு இருந்தபோதும் அவனுக்கே வடித்தார்கள், செத்த பிறகும் அவனுக்கே வடிக்கிறார்கள். வேலையால் வந்து கரியரைக் கழுவி வைப்பது மட்டும் இவள் பங்கு. இப்போது அந்த வேலையையும் யாரோ பார்த்துவிட்டார்கள்.

அப்பா யேசுரட்ணம் சோபாவில் கிடந்தார். தொலைக்காட்சியில் வன்னிச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது.

"அம்மாவை இனிப் போகவிடாதேங்கோ அப்பா. ஐஸ் இளகுது."

"தெரியும் பிள்ளை."

"தெரிஞ்சுகொண்டே இருக்கிறியள்?"

"அங்கை போயிட்டு வந்தாத்தான் அவ கண்மூடுறா. மறிச்சா அந்த அழுகையை நீ கேப்பியே? நான்தான் பக்கத்தில படுக்கிறன்."

"விழுந்தா?"

அப்பா ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினார்.

கூரையோரத்துப் பனிக்குச்சிகள் சொட்டத் தொடங்கிய கிழமையில் அம்மா மாறினாள். தலைக்கு எண்ணெய் வைத்து வாரினாள், குசினியில் வாய்க்குள் ஏதோ பாட்டு முணுமுணுத்தாள். அது பரவாயில்லை. ஆனால் அவள் இமெல்டாவைப் பார்க்கத் தொடங்கினாள். மேசைக்கு அப்பால் நின்று, கையைத் துடைத்துக்கொண்டு, சந்தையில் ஒரு பொருளைப் பார்ப்பதுபோல நின்று நிதானமாகப் பார்த்தாள். "எலும்பும் தோலுமாப் போனாய். வடிவாச் சாப்பிடு," என்றாள். நடுத்துண்டு இமெல்டாவின் சாப்பாட்டுக் கோப்பையில் விழுந்தது. மறுநாளும் விழுந்தது. இந்த வயதில் ஒரு மீன்துண்டுக்காகச் சந்தோசப்படுவது இமெல்டாவுக்கே வெட்கமாக இருந்தது. தின்றாள். ருசித்துத் தின்றாள்.

"சனிக்கிழமை வேலை இல்லைத்தானே? வீட்டிலதானே நிப்பாய்?"

"ஓம். ஏன்?"

"சும்மா கேட்டனான்."

சனிக்கிழமை காலை குசினியில் சமையல் மணம் இல்லை. வெங்காயம் வதங்கவில்லை, சோறு வடியவில்லை. போர்வைக்குள் கிடந்தபடியே இமெல்டா மூக்கால் அதை உறுதிப்படுத்திக்கொண்டாள். நல்லது, அம்மா விட்டுவிட்டாள், நோன்புக் காலத்தில் கடவுள் இந்த ஒரு புத்தியையாவது கொடுத்தாரே என்று நினைத்து, மத்தியானம் வரை நிம்மதியாகப் படுத்திருந்தாள். பிறகு வெளிக்கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எழும்பி ஜன்னலுக்குப் போனபோது, அம்மா புளொக்குக் கட்டடங்களுக்கு நடுவே காட்டுப் பாதையை நோக்கிப் போய்க்கொண்டிருந்தாள். கையில் கரியர். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளை சாப்பாட்டுப் பெட்டியை வீசி வீசி ஆட்டுவதுபோல அதை ஆட்டிக்கொண்டு போனாள்.

படியில் உதயகுமாரி அன்ரி குப்பைப் பையோடு நின்றாள்.

"பிள்ளை, நான் ஒருக்காத்தான் வைக்கச் சொன்னனான். ஒரே ஒருக்கா."

"அதை ஏன் எனக்குச் சொல்லுறியள்? போய் அவவுக்குச் சொல்லுங்கோ."

"சொல்லாமல் விட்டனானே? சிரிக்கிறா. எங்கட முறையை உங்களுக்குச் சொன்ன என்ர வாயிலதான் அடிக்கவேணும். பாதி கேக்கேக்கையே எழும்பிப் போய் அடுப்பை மூட்டிட்டா."

காட்டுக்குள் ஏறும்போதே வெள்ளை மூட்டமாகப் புகார் இறங்கத் தொடங்கிவிட்டது. ஸ்புரூஸ் மரங்களில் இருந்து உருகிய பனி தொம்மென்று விழுவதும், எங்கோ கண்ணுக்குத் தெரியாத ஓடை ஐஸுக்கடியில் கடகடப்பதும், தன் சப்பாத்து ஈரப்பனியைச் சவட்டுவதும் தவிர வேறு சத்தமில்லாத பாதையில் அவள் அரை ஓட்டமாக நடந்தாள். கரையில் மஞ்சள் பலகை நின்றது, ஐஸில் இறங்க வேண்டாம் என்று. அதற்குப் பக்கத்தாலேயே அம்மாவின் சப்பாத்துத் தடம் இறங்கிப் போயிருந்தது. தடங்களில் தண்ணீர் ஊறி நின்றது.

இமெல்டா நின்றாள். பின்குளிர்காலத்து ஐஸை அவளுக்குத் தெரியும். பார்வைக்குத் தடிப்பாக இருக்கும், அளந்தாலும் தடிப்பாக இருக்கும். ஆனால் உள்ளே ஊசி ஊசியாகப் பிரிந்து, ஒன்றையொன்று பிடிக்காமல் சும்மா சாய்ந்து நிற்கும். எப்போது விடும் என்று அதற்கே தெரியாது. தடம் போன வழியே போனால், அம்மாவைத் தாங்கியது தன்னையும் தாங்கும். அப்படி நினைத்துத்தான் காலை வைத்தாள்.

கொஞ்சத் தூரம் போய்த் திரும்பிப் பார்த்தபோது கரை இல்லை. மரங்கள் இல்லை, பலகை இல்லை. மேலும் கீழும் சுற்றிலும் ஒரே சாம்பல் வெள்ளை, நிழல் விழாத மத்தியான வெளிச்சம். அந்த வெளிச்சத்தில் தன் கை மட்டும் நிறத்தோடு இருப்பது அவளுக்குப் பிடிக்கவில்லை. காலுக்கடியில் இருந்து நீளமாக ஒரு முனகல் எழுந்து, பெரிய தகரத்தை யாரோ மெதுவாக வளைப்பதுபோலக் குளத்தின் மறுபக்கம் வரை ஓடி அடங்கியது. ஐஸ் அப்படித்தான். வெப்பம் மாறினால் கத்தும். அதையும் படித்திருக்கிறாள்.

பிறகு மற்றச் சத்தம் கேட்டது. தண்ணீர் எதிலோ மோதி, விலகி, மோதி, சளக் சளக்கென்று. கரையில் அலை அடிப்பதுபோல. ஆனால் மூடிய குளத்தில் ஏது அலை? இன்னும் கிட்டப் போகப் போக அது அலைபோலக் கேட்கவில்லை. வாயைத் திறந்து வைத்துச் சாப்பிடுகிறவர்கள் பக்கத்தில் இருந்தால் எப்படிக் கேட்குமோ அப்படிக் கேட்டது. நின்றாள். அதுவும் நின்றது.

புகாருக்குள் இருந்து ஸ்புரூஸ் கிளைகள் தெரிந்தன. இங்கே ஐஸ் பலமில்லை, வராதே என்று ஊர்க்காரர் வட்டமாக நட்டுவிட்ட கிளைகள். வட்டத்துக்குள் ஒரு கறுத்த ஓட்டை, அண்டா வாயளவு. முழுக் குளிர்காலமும் மூடாத ஓட்டை. அதன் விளிம்பில் பிளாஸ்டிக் பையை விரித்து, சப்பாணி கட்டி, வீட்டு முற்றத்தில் இருப்பதுபோல அம்மா இருந்தாள்.

"வந்திட்டியே," என்றாள். "நீ வருவாய் எண்டு சொன்னவன்."

"ஆர் சொன்னது?"

அம்மா பக்கத்து ஐஸைக் கையால் தட்டினாள். இரு என்று.

"எழும்புங்கோ அம்மா. இது எந்த நேரமும் விடும். விளையாட்டில்லை. நான் இதைப் படிச்சனான்."

"படிச்சனிதான்." குத்தல் இல்லை அந்தக் குரலில். "அதுதான் உன்னட்டைக் கேக்கிறன். உருகினா அவங்கள் வருவாங்களல்லே, எடுக்க?"

"வருவாங்கள்."

"எடுத்தா?"

"அடக்கம் செய்யலாம். பூசை குடுக்கலாம். எல்லாம் முடியும். நீங்களும் மனிசரைப்போல இருக்கலாம்."

"எல்லாம் முடியும்," என்று அம்மா திருப்பிச் சொன்னாள். "அவனும் அதுக்குத்தான் பயப்பிடுறான்."

இமெல்டாவுக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. நானும் உன் பிள்ளைதான், இந்தக் குளிருக்குள் உன்னைத் தேடி ஓடிவந்தது நான், அவன் அல்ல. வாய்வரை வந்ததை விழுங்கினாள். இங்கே சண்டை பிடித்தால் இரண்டு பேரும் போவோம். முதலில் அம்மாவைக் கரைக்குக் கொண்டுபோக வேண்டும். மற்றதெல்லாம் பிறகு.

"என்ன செய்தா வருவீங்கள்? சொல்லுங்கோ."

அம்மா இந்தக் கேள்விக்காகவே இருந்தவள்போல நிமிர்ந்தாள்.

"ஒருக்கா நீ தீத்திவிடு. அக்கான்ர கையால வேணுமாம். பிறகு நான் இஞ்சை வரவே மாட்டன். மாதாவாணை."

ஒரு பிடி சோறு ஊட்டுவது, அவ்வளவுதான். குளத்துக்குள் போட்டுவிட்டு எழும்பிப் போகலாம். புத்தி பேதலித்தவளோடு பேரம் பேசுவதில் இமெல்டாவுக்கு விருப்பமில்லை, ஆனால் பேரம் மலிவாக இருந்தது. பாரத்தைப் பரப்பி முழங்காலில் இறங்கினாள். ஐஸ் நறநறவென்றது. பிறகு வயிற்றில் படுத்தாள். அப்படித்தான் செய்ய வேண்டும். கையுறையைக் கழற்றினாள்.

"சோறு?"

"முதல்ல கையை நனை. காய்ஞ்ச கையால தீத்துறதே?"

நனைத்தாள்.

தண்ணீர் குளிரவில்லை.

இளஞ்சூடு. வாய்க்குள் விரல் விட்டதுபோல.

அம்மா குனிந்தாள். இமெல்டாவின் தொப்பியை இழுத்துக் காதை மூடிவிட்டாள். முகத்தில் விழுந்த மயிரை ஒதுக்கினாள். பெருவிரலால் அவள் நெற்றியில் சிலுவை போட்டாள், மெதுவாக, ஆறுதலாக.

"என்ர ராசாத்தி," என்றாள்.

இமெல்டா கண்ணை மூடினாள். ஒரு கணம்தான். அந்தச் சொல்லைக் கேட்க அவள் எத்தனை காலம் காத்திருந்தாள் என்று அந்தக் கணத்தில்தான் அவளுக்கே தெரிந்தது.

விரல் நுனியில் ஏதோ பட்டது.

மெத்தென்று. பல் முளைக்காத குழந்தையின் வாய் முரசுபோல. ஒரு விரல். பிறகு இரண்டு. பிறகு எல்லாம்.

"அம்மா. சோறு எங்கை?"

மற்றக் கையை வீசினாள். கரியர் தட்டுப்பட்டு உருண்டது. கொளுக்கி விட்டு அடுக்குகள் ஐஸில் சிதறின. காய்ந்த அடுக்குகள். வெறும் அடுக்குகள்.

"சோறு வேண்டாமாம் பிள்ளை. அலுத்துப்போச்சாம்."

அம்மா எழும்பினாள். பாவாடையில் ஒட்டிய பனியைத் தட்டினாள். பிளாஸ்டிக் பையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தாள். அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பூட்டினாள். நடந்தாள்.

இமெல்டா இழுத்தாள். நோகவில்லை. விடவும் இல்லை. உள்ளங்கை போயிற்று.

"அம்மா!"

"திரும்பிப் பாக்கக் கூடாது பிள்ளை." புகாருக்குள் இருந்து குரல் மட்டும் வந்தது. தோய்த்த உடுப்பைக் கொடியில் போட்டுக்கொண்டே பதில் சொல்கிறவளின் குரல். "நான் திரும்பிப் பாத்தா அவன் சாப்பிடமாட்டான்."

சவக். சவக். சவக். சப்பாத்துச் சத்தம் தூரப் போனது.

இமெல்டா உதறினாள். தோளால் உந்தினாள். கன்னம் ஐஸில் உரசியது. மேலே கிடந்த ஈரப்பனி அவள் மூச்சிலும் கன்னத்துச் சூட்டிலும் விலகிக் கரைந்தது. அடியில் ஐஸ் தெளிந்திருந்தது. கண்ணாடிபோல.

அதற்குள் ஜோனாஸ் இருந்தான்.

ஐஸுக்கடியில் அல்ல, ஐஸுக்குள். முதல் ஐஸ் பிடித்த கிழமையிலேயே அவனைச் சுற்றி இறுகிவிட்டிருந்தது. இமை மயிரில் சின்னச் சின்னக் காற்றுக் குமிழிகள். மேலே தூக்கிய இரண்டு கையும் அப்படியே. அவன் நெற்றியிலிருந்து ஒரு முழம் தள்ளி ஓட்டை. அன்றிலிருந்து ஒரு விரல்கூட அசைத்திராதவன்.

"அம்மா! இஞ்சை தின்னுறது அவன் இல்லை! அம்மா, இது அவன் இல்லை!"

சவக். சவக். மாறாத நடை.

ஓட்டைக்குள் கறுத்த தண்ணீர் ஒருதரம் எழும்பித் தாழ்ந்தது. மணிக்கட்டும் போயிற்று. கன்னத்துக்கு நேர் கீழே, திறந்த கண்ணோடு, தம்பி அவளையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடைய வாய் இறுக மூடியிருந்தது.